பறக்கும் கோல்கள்

இந்த வகைப் படங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். வெறும் வானம். அதில் மெல்லியதாக ஒரு கோல். கோலின் இரு பக்கமும் கணவாய் மீனின் துடுப்பைப் போல அலை அலையாக ஒரு சவ்வு. படம் பிடித்தவரைக் கேட்டால், எடுக்கும்போது அங்கே எதையும் பார்க்கவில்லை என்பார். பிறகு வீடியோவை ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்தபோதுதான் அகப்பட்டது. ஓரிரு ஃப்ரேமில் இருக்கிறது, அதற்குள் மறைந்துவிடுகிறது.

1994-ல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், ராஸ்வெல் அருகே ஹோசே எஸ்கமியா என்பவர் இவற்றை வீடியோவில் கண்டார். 'ராட்ஸ்', அதாவது கோல்கள் என்று பெயர் வைத்தார். மெக்சிகோவில் 300 மீட்டருக்கும் மேல் ஆழமுள்ள கொலொந்திரினாஸ் குகைக்குள் பாராசூட்டுடன் குதித்தவர்களைப் படமெடுத்தபோதும் இவை பதிவாயின. ஜப்பானில் 'ஸ்கைஃபிஷ்', வானத்து மீன் என்றார்கள். கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் பறக்கும் புது உயிரினம் என்று சிலர் நம்பினார்கள்; வேற்றுக் கிரகத்திலிருந்து வந்தது என்றார்கள் வேறு சிலர்.

இதை விசாரிக்க முதலில் போக வேண்டிய இடம் வானம் அல்ல, கேமராவின் உள்புறம்.

தீபாவளி இரவில் கம்பி மத்தாப்பை வேகமாகச் சுழற்றும் குழந்தையைப் படம் எடுத்திருப்பீர்கள். படத்தில் மத்தாப்பு இருக்காது. ஓர் ஒளி வளையம் இருக்கும். ஷட்டர் திறந்திருந்த நேரம் முழுவதும் மத்தாப்பு எங்கெல்லாம் போனதோ அவ்வளவும் ஒரே படத்தில் பதிந்துவிடுகிறது. கேமரா ஒரு கணத்தைப் பிடிப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது பிடிப்பது ஒரு கால இடைவெளியை.

அன்றைய அமெரிக்க வீடியோ கேமராக்கள் நொடிக்குச் சுமார் 60 முறை காட்சியைப் பதிந்தன. ஒருமுறை ஒற்றைப்படை வரிகள், அடுத்தமுறை இரட்டைப்படை வரிகள். ஒவ்வொரு பதிவிலும் ஒளி விழும் நேரம் 1/60 நொடி வரை நீளலாம். இப்போது லென்ஸின் முன்னால் ஓர் ஈ பறக்கட்டும். வீட்டு ஈ நொடிக்கு ஏறக்குறைய 200 முறை சிறகடிக்கும். அப்படியானால் 1/60 நொடிக்குள் மூன்று முறைக்குச் சற்று அதிகம். அந்த நேரத்தில் அதன் உடல் முன்னே நகர்வதால் நீண்ட கோலாக இழுபடுகிறது. போகிற வழியில் சிறகு மூன்று முறை விரிந்து மடங்குவதால் கோலின் பக்கங்களில் மூன்று புடைப்புகள் விழுகின்றன. அதிசயத் துடுப்பு என்று பார்த்தது, ஈயின் சிறகசைவு எழுதிய கோடுதான்.

சரி, அவை பிரமாண்டமாகவும் மின்னல் வேகத்திலும் தெரிந்தது எப்படி? ஒரு கணக்குப் போடுவோம். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் பறக்கும் பூச்சி 1/60 நொடியில் 5 சென்டிமீட்டர் கடக்கும். அது கேமராவிலிருந்து 2 மீட்டர் தொலைவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்ப்பவர் அதை 2 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மலையோரத்தில் பறப்பதாக நினைத்துவிட்டால் எல்லாமே ஆயிரம் மடங்கு பெருகும். 5 சென்டிமீட்டர் கோடு 50 மீட்டர் உருவமாகிவிடும். வேகம் மணிக்கு 10,800 கிலோமீட்டர் ஆகிவிடும். தொலைவு தெரியாத பொருளின் அளவையும் வேகத்தையும் ஒரே ஒரு படத்தைக் கொண்டு யாராலும் சொல்ல முடியாது.

இதை வலை போட்டும் சோதித்தார்கள். சீனாவின் ஜிலின் மாகாணத்தில் ஒரு வளாகத்தின் கண்காணிப்புக் கேமராக்களில் இந்தக் கோல்கள் பதிவாயின. அங்கிருந்தவர்கள் பெரிய வலைகளைக் கட்டிக் காத்திருந்தார்கள். கேமராவில் கோல்கள் தெரிந்தன. வலையில் சிக்கியவையோ சாதாரண அந்துப்பூச்சிகள். சீன அரசுத் தொலைக்காட்சி 2005-ல் இதை ஆவணப்படமாகவே காட்டியது.

கேமரா செய்யும் மாயம் இது ஒன்றோடு முடிவதில்லை. 2019-ல் கலிபோர்னியா கடற்கரைக்கு அப்பால் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றிலிருந்து எடுத்த இரவு வீடியோவில் ஒளிரும் முக்கோணங்கள் பறந்தன. ஃபோகஸ் தவறினால் ஒளிப்புள்ளி விரிந்து, ஒளி புகும் துளையின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். துளை முக்கோணமாக இருந்தால் விளக்கும் முக்கோணமாகத் தெரியும். அந்த வீடியோவில் விண்மீன்களும் முக்கோணமாகவே இருந்தன. 2022 மே மாதம் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்பு கடற்படை உளவுப்பிரிவின் துணை இயக்குநர் ஸ்காட் பிரே, அவை ஆளில்லா விமானங்களோடு தொடர்புடையவை என்றும், இரவுப்பார்வைக் கருவி வழியாகக் கேமராவில் பதிந்ததால் வந்ததே அந்த வடிவம் என்றும் விளக்கினார்.

இந்தப் படங்களை எடுத்தவர்கள் பொய் சொன்னார்கள் என்று பொருளல்ல. படத்தில் இருந்ததைத்தான் காட்டினார்கள். சந்தேகப்படுவது அவர்களை அவமதிப்பதும் அல்ல. அவர்கள் கண்டதை மதித்து முழுதாக விசாரிப்பதுதான். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது? ஃபோகஸ் எங்கே இருந்தது? வெட்டாத, திருத்தாத மூலக் கோப்பு கிடைக்குமா? அதே நேரத்தில் வேறோர் இடத்திலிருந்து இன்னொரு கேமரா பார்த்ததா? இரண்டு இடங்களிலிருந்து எடுத்த படங்கள் இருந்தால் தொலைவைக் கணக்கிட்டுவிடலாம். இவ்வளவுக்குப் பிறகும் விடை கிடைக்காவிட்டால், அது விடை தெரியாத படம், அவ்வளவே. தெரியவில்லை என்பதையே வேற்றுக் கிரகவாசிக்குச் சாட்சியாக்கக் கூடாது.

இதை நம் தெருவிலேயே சோதித்துப் பார்க்கலாம். மழை விட்ட மாலையில் தெருவிளக்கை ஈசல்கள் மொய்க்கும்போது கைபேசியில் வீடியோ எடுங்கள். ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்துங்கள். விளக்கைச் சுற்றிக் கோல்கள் மிதக்கும், பக்கங்களில் புடைப்புகளோடு. பிறகு ஸ்லோ மோஷனில் வைத்து மறுபடி எடுங்கள். கோல் குறுகும், புடைப்புகள் குறையும், சிறகு தனியாகப் பிரியத் தொடங்கும். முதல் வீடியோவுக்குத் திரும்பி ஒரு கோலின் புடைப்புகளை எண்ணுங்கள். ஒரு ஃப்ரேமுக்குள் அந்த ஈசல் எத்தனை முறை சிறகடித்தது என்பதை உங்கள் விரல்களிலேயே எண்ணிவிட்டீர்கள்.