யார் அந்த ஒன்பது பேர்?

1665-ஆம் ஆண்டு சென்னை ஜார்ஜ் கோட்டையில் அசென்ஷியா டாஸ் என்ற பெண் மீது கொலை வழக்கு நடந்தது. இறந்தவள் அவளுடைய வீட்டில் இருந்த அடிமைப் பெண். இங்கிலாந்து முறைப்படி ஜூரியை உட்கார வைத்து இந்திய மண்ணில் நடந்த முதல் விசாரணை என்று வரலாற்றாசிரியர்கள் இதைச் சொல்கிறார்கள். கோட்டையில் இருந்தவர்கள் வியாபாரிகள். சட்டம் படித்தவர் எவரும் இல்லை. ஜூரர்கள் முதலில் கொலை நடந்தது உண்மை, ஆனால் குற்றச்சாட்டில் சொன்ன விதத்தில் அல்ல என்று குழப்பமாகச் சொன்னார்கள். விளக்கம் கேட்டதும் குற்றவாளி அல்ல என்று முடித்தார்கள். இறந்து போனவளைச் சேர்ந்தவர் யாரும் அந்த ஜூரியில் இல்லை. பின்னால் வந்த முந்நூறு ஆண்டுகளிலும் இந்த நாட்டு ஜூரி விசாரணைகளைத் தொடர்ந்து வந்த கேள்வி அதுதான்: தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருப்பவர் யார்?

1898-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டம் இந்த முறைக்கு ஒரு நிலையான வடிவம் தந்தது. சட்டம் எது என்று சொல்வது நீதிபதியின் வேலை. நடந்தது எது என்று முடிவு செய்வது ஜூரர்களின் வேலை. சென்னை, பம்பாய், கல்கத்தா உயர் நீதிமன்றங்களில் நடந்த கொலை வழக்குகளில் ஒன்பது பேர் உட்கார்ந்தார்கள். எல்லாரும் ஒருமுகமாகச் சொன்னால் அதுவே முடிவு. இல்லாவிட்டால் ஆறு பேராவது ஒத்திருக்க வேண்டும், நீதிபதியும் அதை ஏற்க வேண்டும். வெளியூர் செஷன்ஸ் நீதிமன்றங்களில் ஜூரி உண்டா என்பது அரசாங்கம் அந்த மாவட்டத்துக்குப் போட்ட உத்தரவைப் பொறுத்தது. ஜூரி இல்லாத இடங்களில் அசெசர்கள் இருந்தார்கள். அவர்கள் கருத்துச் சொல்லலாம். அதற்கு நீதிபதி கட்டுப்பட வேண்டியதில்லை. ஒரே குற்றத்துக்கு ஒரு மாவட்டத்தில் ஜூரியும் பக்கத்து மாவட்டத்தில் அசெசரும் என்ற நிலையைச் சமநீதி என்று சொல்ல முடியாது.

இனபேதமும் வெளிப்படையாகவே இருந்தது. வெள்ளையர் மீதான வழக்குகளை இந்திய நீதிபதிகளும் விசாரிக்க வழி செய்த இல்பர்ட் மசோதாவை எதிர்த்து 1883-இல் ஐரோப்பியர்கள் பெரும் கிளர்ச்சி செய்தார்கள். அதன் பயனாக, வெள்ளையர் மீது வழக்கு என்றால் ஜூரியில் பாதிப் பேராவது ஐரோப்பியராகவோ அமெரிக்கராகவோ இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை அவர்களுக்குக் கிடைத்தது. இந்தியர் மீது வழக்கு வந்தபோது என்ன நடந்தது என்பதற்கு 1908-ஆம் ஆண்டு திலகர் வழக்கு போதும். ‘கேசரி’ பத்திரிகையில் மராத்தியில் எழுதிய கட்டுரைகளுக்காக அவர் மீது ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டது. பம்பாய் உயர் நீதிமன்றத்தில் உட்கார்ந்த ஒன்பது பேரில் ஏழு பேர் ஐரோப்பியர், இருவர் பார்சிகள். மராத்திக் கட்டுரைகளின் குற்றத்தை ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்து அளந்தார்கள். ஏழு பேர் குற்றவாளி என்றார்கள், இருவர் இல்லை என்றார்கள். நீதிபதி தாவர் ஆறு ஆண்டு நாடு கடத்தல் தண்டனை விதித்தார்.

சென்னையில் மக்கள் மறக்காத ஜூரி வழக்கு லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. ‘இந்து நேசன்’ என்ற பத்திரிகையில் சினிமாக்காரர்களின் அந்தரங்கங்களை எழுதி வந்த சி. என். லட்சுமிகாந்தன் 1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் பொது மருத்துவமனையில் இறந்தார். கொலைக்குச் சதி செய்ததாக நடிகர்கள் எம். கே. தியாகராஜ பாகவதர், என். எஸ். கிருஷ்ணன், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு உள்ளிட்டோர் மீது வழக்கு வந்தது. அந்தத் தீபாவளிக்கு வந்த பாகவதரின் படம் ‘ஹரிதாஸ்’ அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. பாகவதரின் குரலைக் கேட்காத வீடு தமிழ்நாட்டில் இல்லை என்ற காலம் அது. உயர் நீதிமன்றத்தில் நீதிபதி மாக்கெட் முன் ஜூரியுடன் விசாரணை நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்பில் வாதாட பம்பாயிலிருந்து கே. எம். முன்ஷி வந்தார். அரசுத் தரப்பு நம்பியிருந்த அப்ரூவர், அதாவது குற்றத்தில் பங்கை ஒப்புக்கொண்டு அரசுச் சாட்சியாக மாறியவர், நீதிமன்றத்தில் தன் வாக்குமூலத்தை மாற்றிச் சொன்னார். ஆனாலும் ஜூரர்கள் பாகவதரையும் கிருஷ்ணனையும் குற்றவாளிகள் என்றார்கள். நாயுடு விடுதலையானார். 1945 மே மாதம் இரு நடிகர்களுக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது மேல்முறையீடு. ஜூரர் எவரும் தம் முடிவுக்குக் காரணம் எழுதித் தருவதில்லை. குற்றவாளி, அல்லது இல்லை, அவ்வளவுதான். எந்தச் சாட்சியை நம்பினார்கள், எதைத் தள்ளினார்கள் என்று மேல் நீதிமன்றத்துக்குத் தெரியாது. உயர் நீதிமன்றத்திலேயே ஜூரி சொன்ன முடிவின் மேல், நடந்த சம்பவம் பற்றிய அப்பீலுக்கு வழி பிறந்ததே 1943-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகுதான். அந்த வாசல் புதிது. எவ்வளவு தூரம் திறக்கும் என்று யாருக்கும் பழக்கமில்லை. 1945 அக்டோபரில் உயர் நீதிமன்றம் அப்பீலைத் தள்ளியது. அன்றைக்கு இறுதி அப்பீல் மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் அதைத் திரும்ப விசாரிக்கும்படி அனுப்பியது. நீதிபதிகள் ஹாப்பெல், ஷஹாபுதீன் இருவரும் சாட்சியங்களை முதலிலிருந்து பார்த்து, 1947 ஏப்ரலில் இருவரையும் விடுவித்தார்கள். அதற்குள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழிந்துவிட்டது. பாகவதரின் திரை வாழ்வு அதன்பின் எழவேயில்லை.

இந்தியாவில் ஜூரியை ஒழித்தது நானாவதி வழக்கு என்று பலரும் நம்புகிறார்கள். அது சரியல்ல. சேத்தல்வாட் தலைமையிலான சட்ட ஆணையம் 1958-லேயே, தன் 14-ஆவது அறிக்கையில், ஜூரி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. கடற்படை அதிகாரி நானாவதி, தன் மனைவியுடன் தொடர்பு வைத்திருந்த பிரேம் அகுஜாவைச் சுட்டது 1959 ஏப்ரல் 27-இல். மனைவி உண்மையைச் சொன்ன பிறகு அவர் குடும்பத்தைச் சினிமாக் கொட்டகையில் இறக்கிவிட்டு, கப்பலுக்குப் போய் ரிவால்வர் வாங்கிக்கொண்டு, அகுஜாவின் வீட்டுக்குப் போனார். கைகலப்பில் தற்செயலாக வெடித்தது என்பது அவருடைய வாதம். வாரப் பத்திரிகை ‘பிளிட்ஸ்’ அவரை நாயகனாகவே எழுதியது. ஜூரியில் எட்டுப் பேர் குற்றவாளி இல்லை என்றார்கள், ஒருவர் மட்டும் மாறுபட்டார். நீதிபதி மேத்தா அதை ஏற்காமல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 307-ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். 1960-இல் உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 1961-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கோபம் தணிய மூன்று மணி நேரம் போதுமானது என்பதே அதன் முடிவு. ஆக, அன்றைய சட்டத்திலேயே ஜூரியின் தவறைத் திருத்த வழி இருந்தது. அதன் பிறகும் சில மாநிலங்களில் ஜூரி விசாரணைகள் நடந்தன. 1974 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில்தான் குற்ற வழக்குகளில் ஜூரிக்கு இடமில்லாமல் போனது.

இலங்கையில் ஜூரி முறை இன்னும் இருக்கிறது. 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே ஏழு ஜூரர்கள். ஐந்து பேராவது ஒத்துப்போக வேண்டும். எந்த மொழி பேசும் ஜூரி வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை குற்றம் சாட்டப்பட்டவருக்கு உண்டு. தனக்குப் புரிகிற மொழியில் விசாரிக்கப்பட வேண்டும் என்பது நியாயமான பாதுகாப்பு. திலகருக்குக் கிடைக்காததும் அதுதான். ஆனால் 1996 பிப்ரவரி 11-இல் திருகோணமலை மாவட்டம் குமாரபுரத்தில் 24 தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்ட வழக்கில் அதன் மறுபக்கம் தெரிந்தது. விசாரணை அனுராதபுரத்துக்கு மாற்றப்பட்டது. உறவுகளை இழந்த கிராமத்து மக்கள் தமிழில் சாட்சி சொன்னார்கள். கேட்டவர்கள் சிங்கள ஜூரர்கள். 2016 ஜூலை 27-இல் ஆறு முன்னாள் ராணுவத்தினரும் விடுதலையானார்கள். அதே ஆண்டு டிசம்பரில், 2006-இல் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் வழக்கிலும் சிங்கள ஜூரி ஐந்து பேரை விடுவித்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்குச் சட்டம் தந்த அந்தத் தேர்வு, கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு இல்லை.