சைக்கிள் சுற்றுலாவுக்குப் பருத்திச் சட்டை ஏன் கூடாது?

இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர் உயரம். வழிகாட்டியுடன் சைக்கிளில் ஏறும்போது வியர்வை கொட்டும்; இறங்கும்போது பற்கள் தந்தியடிக்கும். ஏன்?

1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும். இறக்கத்தில் மிதிக்காததால் உடலில் வெப்பமும் அதிகம் பிறக்காது. எதிர்க்காற்றில் ஆவியாகும் ஒவ்வொரு கிராம் வியர்வையும் ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும்.

பருத்தி இழை ஈரத்தைத் தனக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும். சட்டை முதுகில் ஒட்டிக்கிடக்கும். பாலியஸ்டர் இழை நீரை உறிஞ்சுவதே அரிது. இழைகளின் இடுக்கு வழியே வியர்வை வெளிப்பக்கம் பரவிச் சீக்கிரம் காய்ந்துவிடும்.

அந்தக் காலப் பந்தய வீரர்கள் உச்சியில் செய்தித்தாளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டது நெஞ்சில் காற்று படாமலிருக்கத்தான். இன்று அந்த வேலையை மெல்லிய காற்றுத்தடுப்பு ஜாக்கெட் செய்கிறது. உச்சியைத் தொட்டதும், உடல் குளிரும் முன்பே அதை மாட்டிக்கொள்ளுங்கள்.