பயணச்சீட்டும் பெட்டியின் எடையும்

ஆகஸ்ட் 29-இல் கொடியேறி, செப்டம்பர் 8-இல் நிறைவுறும் வேளாங்கண்ணிப் பெருவிழாவுக்குக் கடல் கடந்து வரும் குடும்பங்கள் பல, திருச்சிராப்பள்ளி விமான நிலையத்தில் வந்திறங்குகின்றன. ஊர் திரும்புங்கால் சுரூபம், மெழுகுதிரி, புனித எண்ணெய், உறவினர் அன்போடு தந்த அரிசி, ஊறுகாய் எனப் பெட்டி கனத்துவிடுகிறது. மிகை எடைக்கு நிலையத்தில் கேட்கும் கட்டணமோ, சிலவேளை உள்ளிருக்கும் பொருளின் விலையையே விஞ்சிவிடும்.

எடை வரம்பை வகுப்பது பயணச்சீட்டே. உள்நாட்டு விமானங்களின் சாதாரண வகுப்பில், ஒப்படைக்கும் பெட்டிக்குப் பொதுவாக 15 கிலோ, கைப்பைக்கு 7 கிலோ. வெளிநாட்டுப் பயணத்தில் 20, 23, 30 கிலோ எனச் சீட்டுக்குச் சீட்டு வேறுபடும். மலிவான சில சீட்டுகளில் கைப்பை மட்டுமே. வளைகுடாவிலிருந்து 30 கிலோவுடன் சென்னை வந்து, தனிச்சீட்டில் திருச்சிக்கு மாறுவோர்க்கு அங்கே பெரும்பாலும் 15 கிலோதான். மிகை எடைக்கு முன்கூட்டியே பணம் செலுத்தினால் செலவு பெரும்பாலும் குறையும்.

வெளிநாட்டு விமானத்தில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட எண்ணெய்ப் புட்டியைக் கைப்பையில் வைத்தலாகாது. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்கவேண்டும். மெழுகுதிரியோடு தீப்பெட்டியைச் சேர்த்துக் கட்டவேண்டா; இந்திய விமான நிலையங்களில் அது எப்பெட்டியிலும் செல்லாது.

ஆகவே, சீட்டு வாங்கும்போதே வரம்பைக் கேட்டறிந்து, புறப்படுமுன் வீட்டிலேயே பெட்டியை நிறுத்துப் பாருங்கள். அன்னையின் தலத்திலிருந்து ஆவலோடு கொண்டுசெல்லும் பொருளை நிலைய வாசலில் விட்டுச்செல்லும் துயரம் நேராது.