இலங்கைக் கல்லும் மெல்லிய பீங்கான் படையும்

"வாப்பா, புல்மோட்டை மண்ணுல இருந்து கரண்ட் எடுக்கலாமாமே, மெய்யா?" என்று மகள் கேட்டாள். அப்புத்தளையில் மழையோடு கரண்டும் போயிருந்த இரவு அது. "மண்ணுல இருந்து கரண்ட் வராது மகள், கரண்ட் உண்டாக்குற ஒரு கலத்தோட முக்கியமான பாகத்தை அதுல செய்யலாம்" என்றேன். அன்று சொன்னதைச் சற்று விரித்து எழுதுகிறேன்.

திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கடற்கரை மணலில் இல்மனைட், ரூட்டைல் ஆகியவற்றோடு சிர்க்கோனும் உண்டு. பொன்னிறத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல் 'ஸர்கூன்' என அரபியில் வழங்கி, பின்னர் ஐரோப்பாவில் சிர்க்கோன் ஆயிற்று. 1789இல் ஜெர்மனிய இரசாயனவியலாளர் கிளாப்ரோத் சிர்க்கோனியம் என்ற மூலகத்தைக் கண்டறிந்ததும் இலங்கையிலிருந்து சென்ற ஒரு கல்லில்தான்.

சிர்க்கோனியத்தின் ஒட்சைட்டே சிர்க்கோனியா. அதில் சிறிதளவு யிட்ரியம் ஒட்சைட்டைச் சேர்த்தால், பளிங்கில் ஒட்சிசன் இருக்கவேண்டிய சில இடங்கள் வெறுமையாகும். நன்றாகச் சூடேறியதும் ஒட்சிசன் அயன்கள் அந்த வெற்றிடங்கள் வழியே தாவித் தாவி மறுபக்கம் போய்விடும். இலத்திரன்களால் அப்படிப் போக முடியாது. திண்ம ஒட்சைட்டு எரிபொருள் கலத்தின் அடிப்படை இதுதான்.

கலத்தில் மூன்று படைகள். நடுவில் சிர்க்கோனியா. ஒருபக்கம் நிக்கல் கலந்த சிர்க்கோனியா. அங்கே ஐதரசன் வரும். மறுபக்கம் லந்தனம் மாங்கனைற்று போன்ற பொருள். அங்கே காற்று வரும். காற்றின் ஒட்சிசன் அயனாகி நடுப்படையைக் கடந்து ஐதரசனோடு சேர்ந்து நீராகும். அப்போது விடுபடும் இலத்திரன்கள் வெளிக்கம்பி வழியாகச் சுற்றிவருகின்றன. அதுவே மின்னோட்டம். இது நடக்க 600 முதல் 1000 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும்.

கஷ்டமெல்லாம் படைகளைச் செய்வதில்தான். பீங்கான் தூளைக் கரைப்பானும் பசையும் சேர்த்துக் கூழாக்கி, நகரும் தாளின்மேல் ஊற்றி, ஓர் அலகால் சமமாக இழுத்துக் காயவிடுகிறார்கள். நிக்கல் படை தடித்த அடித்தளம். அதன்மேல் வரும் சிர்க்கோனியா 10 மைக்ரோன் அளவே. தலைமயிரை விடவும் மெல்லியது. இரண்டையும் சேர்த்து ஏறத்தாழ 1400 பாகையில் சுட்டால், நீளத்தில் ஐந்திலொரு பங்கு சுருங்கும். உம்மா மண்சுவர் பூசும்போது, "ஒரே கனத்துல பூசணும், இல்லாட்டி வெடிச்சிரும்" என்பார். இங்கும் அதே கதைதான். ஒரு படை முந்திச் சுருங்கினால் தகடு வளையும், வெடிக்கும். ஊசித்துளை விழுந்தாலும் வாயு மறுபக்கம் கசியும், கலம் கெட்டுவிடும். காற்றுப் பக்கப் படையைப் பின்னர் சல்லடைத் துணி வழியே அச்சிட்டு, குறைந்த வெப்பத்தில் சுடுவார்கள்.

திருச்சியில் பொறியியல் படித்த கே.ஆர். ஸ்ரீதர் 2001இல் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம்தான் இன்று 'ப்ளூம் எனர்ஜி' என்ற பெயரில் இக்கலங்களைச் செய்து விற்கிறது. நமது கனிம மணலோ பெரும்பாலும் மணலாகவே கப்பலேறுகிறது. மணல் அல்லாஹ் தந்த அருட்கொடை; அதை மைக்ரோன் கணக்கில் படையாக்குவது மனிதர் கற்கவேண்டிய கலை. கல்லைக் கொடுத்த நாடு என்று 1789ஐச் சொல்லிப் பெருமைப்படுவது மட்டும் போதாது. இரசாயனத்தில் ஆர்வமுள்ள பிள்ளை வீட்டில் இருந்தால், பீங்கான் பொறியியல் என்றொரு படிப்பும் உண்டு என்று சொல்லிவையுங்கள். என் மகளிடம் நான் சொல்லிவிட்டேன்.