வெறுத்துப் போச்சு

டீ ஆறட்டும், அவசரமில்லை. 'வெறுப்பு' என்ற சொல் நம் வாயில் எப்படியெல்லாம் வருகிறது என்று முதலில் கவனியுங்கள். வெயிலில் பஸ்ஸுக்காக நின்று நின்று அலுத்தவர் "வெறுத்துப் போச்சுப்பா" என்கிறார். அவருக்கு யார்மீதும் பகையில்லை. பொறுமை தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். தம்பி சீண்டினால் "வெறுப்பேத்தாதே" என்று அக்கா கத்துவதும் எரிச்சலில்தான்.

"நான் அவனை வெறுக்கிறேன்" என்றதும் சொல் கனத்துவிடுகிறது. ஆனால் வீட்டில் யார் இப்படிப் பேசுகிறார்கள்? சினிமாவில் கதாநாயகி பேசுவாள். நிஜமாகவே வெறுப்பவர் "அவனைக் கண்டாலே எனக்கு ஆகாது" என்பார். இல்லையென்றால் "எனக்கு வெறுப்பா இருக்கு" என்பார். இந்த 'எனக்கு'வில் ஒரு சாமர்த்தியம் உண்டு. வெறுப்பு காய்ச்சல் மாதிரி தானாக வந்து சேர்ந்தது, நான் ஒன்றும் செய்யவில்லை என்று ஆகிவிடுகிறது. 'வெறுக்கிறேன்' என்றால் செய்கிறவர் நாமேதான்; தப்பிக்க வழியில்லை.

இனிமேல்தான் வேடிக்கை. தொல்காப்பிய உரியியலில் வெறுப்பு என்றால் செறிவு. புறநானூற்று 53ஆம் பாட்டில் பொருந்தில் இளங்கீரனார், கபிலரின் கேள்வியறிவுக்கு 'வெறுத்த' என்று அடைமொழி தருகிறார். இன்றைய பிள்ளை படித்தால் கபிலருக்குப் பாடம் கேட்கவே பிடிக்காது போலிருக்கிறது என்று நினைப்பான். நிறைந்த கேள்வியறிவு என்பதே பொருள். வள்ளுவரும் 761ஆம் குறளில், வேந்தனின் 'வெறுக்கை'களிலெல்லாம் படையே தலையானது என்கிறார். அங்கே வெறுக்கை என்றால் செல்வம். வெறுங்கைக்கும் வெறுக்கைக்கும் நடுவே ஓர் எழுத்துதான்!

மிகுதியைச் சொன்ன சொல் பகையைச் சொல்ல வந்தது எப்படி? திகட்டல் வழியாக என்பது என் ஊகம். எதுவும் அளவுக்கு மேல் சேர்ந்தால் போதும் போதும் என்றாகிறது. அப்படிப் பார்த்தால் "வெறுத்துப் போச்சு" என்கிற பஸ் நிறுத்தத்துக்காரர், சினிமா வசனகர்த்தாவைவிடப் பழைய பொருளுக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

அருவருப்பை இதோடு குழப்பவேண்டாம். அது உடம்பு சுருங்குவது. சோற்றில் பூச்சி கிடந்தால் வருவது. பூச்சியை யாரும் வெறுப்பதில்லை.

கதை எழுதுகிறவர்களுக்கு ஒன்று: 'மாமியார் மருமகளை வெறுத்தாள்' என்று எழுதினால் சப்பென்று இருக்கிறது. 'கரித்துக் கொட்டினாள்' என்று எழுதிப் பாருங்கள், அடுப்படிச் சத்தம்கூடக் கேட்கும்.