காயும் இல்லை, பழமும் இல்லை

குழந்தைகளுக்குள் மனஸ்தாபம் வந்தால் ‘காய்’ விடுவார்கள். கோபம் ஆறியதும் ‘பழம்’ விட்டுச் சேர்ந்துகொள்வார்கள். பதினாறு பதினேழு பிராயத்திலோ, ஒருவரைப் பாராமல் மற்றவருக்குப் பொழுது விடியாது என்றிருந்த இருவர் பிரியும்போது காயும் கிடையாது, பழமும் கிடையாது; காதல் முறிந்ததைப் பாட ஆயிரம் பாட்டு இருக்க, சிநேகம் முறிந்ததை ஒரு துக்கமென்று கணக்கில் சேர்ப்பார் சிலரே. அந்தச் சிலரில் ஒருவர், அமெரிக்காவில் இளம் பருவத்தினருக்கான நாவல் வேரூன்றக் காரணமாயிருந்த எஸ். ஈ. ஹிண்டன்.

ஓக்லஹோமா மாகாணத்து டல்ஸா நகரைச் சேர்ந்த இந்த அம்மையார், பள்ளிப் பருவத்திலேயே எழுதிய ‘தி அவுட்சைடர்ஸ்’ 1967-இல் வெளிவந்து பெரும் கீர்த்தி தேடித் தர, அந்தக் கீர்த்தியே பாரமாகிப் பேனா ஓடாமல் தவித்தார். நாளொன்றுக்கு இரண்டு பக்கம் எழுதினாலொழிய வெளியே கூட்டிப் போவதில்லை என்று காதலர் விதித்த நிபந்தனையால்தான் அடுத்த நாவல் முடிந்ததாம். (அவரே பின்னர் கணவருமானார், கல்யாணத்துக்கு அப்புறமும் அந்த நிபந்தனை நீடித்ததா என்றறிய எனக்கு ஆசை.)

1971-இல் பிரசுரமான அந்நாவலின் பெயர் ‘தட் வாஸ் தென், திஸ் இஸ் நவ்’. பெற்றோர் குடிவெறிச் சண்டையில் ஒருவரையொருவர் கொன்று மடிந்தபின், ஒன்பதாம் வயது முதல் சிநேகிதன் பிரையனின் வீட்டிலேயே உடன்பிறந்தவனைப் போல வளர்ந்தவன் மார்க். பிரையன் நேசிக்கும் பெண்ணின் சின்னத் தம்பி போதைமருந்து உட்கொண்டு சித்தம் கலங்கிப் போன இரவில், மார்க்கின் மெத்தைக்கடியில் போதை மாத்திரைகள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கக் காணும் பிரையன், ஒரு கணம் யோசித்து, போலீசுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுகிறான். சட்டம் மெச்சும் காரியம்தான். ஆனால் வீட்டுச் செலவுக்கு மார்க் கொண்டுவந்த பணம் போதைமருந்து வியாபாரத்தில் வந்தது என்பது வாசகனுக்குத் தெரியவரும்போது, தர்மம் எந்தப் பக்கம் நிற்கிறதென்று சொல்ல நா எழுவதில்லை. ஆசிரியையும் சொல்லவில்லை. சிறைக்குப் பார்க்கப் போகும் பிரையனுக்கு மார்க்கின் கண்களில் எஞ்சியிருப்பது வெறுப்பு ஒன்றே. யாருக்காக அதைச் செய்தானோ, அந்தப் பெண்ணிடமும் அவன் மனம் அதன்பின் ஒட்டவில்லை.

ஜான் நோல்ஸின் ‘எ செபரேட் பீஸ்’ (1959) நாவலிலும், மரக்கிளையில் நிற்கும் தோழன் விழும்படி ஒருவன் கிளையை அசைத்துவிடுகிறான். அங்கே நடந்தது பொறாமையென்று நாம் பெயரிட்டுவிடலாம். பெயரிட முடிவதே ஓர் ஆறுதல்.

ஏமி ஸ்பால்டிங் 2020-இல் எழுதிய ‘வி யூஸ்ட் டு பி ஃப்ரெண்ட்ஸ்’ அந்த ஆறுதலையும் மறுக்கிறது. பள்ளியின் இறுதி ஆண்டிலிருக்கும் இரு பெண்களில், கேட் புதிய காதலில் திளைக்கிறாள். ஆண்பிள்ளைப் பெயர் தாங்கிய ஜேம்ஸின் பெற்றோரோ விவாகரத்துக்குத் துணிந்துவிடுகிறார்கள். துரோகமென்று சொல்லத்தக்கது எதுவுமில்லாமலே சிநேகம் கரைகிறது. கேட் சொல்லும் அத்தியாயங்கள் காலத்தில் முன்னோக்கியும், ஜேம்ஸ் சொல்பவை பின்னோக்கியும் நடப்பதால், ஒருத்தி பள்ளி முடியும் நாளை நெருங்க நெருங்க, மற்றவள் இருவரும் இணைபிரியாதிருந்த ஆண்டுத் தொடக்கத்துக்கே திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறாள்.