களைப்பும் காவலர் நினைவும்

மாணவப் பருவத்தில் ஓட்டப்பந்தயம் ஓடியவன் நான். எல்லைக் கோடு நினைவிருக்கும். அருகே நின்று கூவியவர் எவரென நினைவிராது. எனக்கு அது வேடிக்கை. காவலருக்கோ, வழக்குமன்றத்தில் விடை சொல்லியாக வேண்டிய வினா!

கனடாவின் வின்னிப்பெக் நகரக் காவலர் 52 பேரைக் கொண்டு நடத்திய சோதனையை, லொரெய்ன் ஹோப் என்னும் உளநூல் அறிஞரும் குழுவினரும் 2012-இல் வெளியிட்டனர். பாதிப்பேர், தொங்கவிட்ட கனத்த நீர்ப்பையை வலிமை தீருமட்டும் தாக்கினர். ஒரு நிமிடத்துக்குள்ளாகவே ஓய்ந்துவிட்டனர்! மற்றவர் பார்த்திருந்தனர். பின்னர் ஒவ்வொருவரும் குற்றவாளி ஒருவனைத் தேடிச் செல்லவேண்டும். இடையே வேறொருவர் எதிர்ப்பட்டார். களைக்காதவருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அவரது அடையாளம் ஒன்றையேனும் கூறினர். களைத்தவருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே அவரைக் கண்டதையே நினைவுகூர்ந்தனர்.

சீறிவந்த குற்றவாளியை எவரும் மறக்கவில்லை. கவனம் அளவுடைய பொருள். தளர்ந்த உடலைத் தாங்குவதிலேயே பெரும்பகுதி செலவாகிவிட, எஞ்சியது எதிரே நிற்கும் அபாயத்தையே பற்றுகிறது.

ஆகவே, குறுக்கு விசாரணையில் “நினைவில்லை” என்னும் காவலரைப் பொய்யரென்று கூற நான் துணியேன். அவர் சுட்டும் விரலொன்றையே நம்பி ஒருவரைச் சிறையிடவும் ஒப்பேன். அச்சோதனையின் அடையாள அணிவகுப்பிலும், களைத்தவரைப்போல் இருமடங்கினர் களைக்காதவருள் குற்றவாளியைச் சரியாகச் சுட்டினர்.